பட்டியலில் இல்லாத டெய்லர்

அத்தியாயம் 4

வாசல் போர்டைப் படித்ததுமே ஒயர் முதல் படியிலேயே நின்றுவிட்டான். மனநல ஆலோசனை மையம் என்று நீலத்தில் எழுதி, அடியில் வெப்சைட் முகவரி போட்டிருந்தது. அந்த முகவரி அவனுக்கு மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வெப்சைட்டைக் கட்டியவனே அவன்தான்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"மேடம், மனநல மையம்னு போட்டிருக்கு. என்னை உள்ள தள்ளி விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

"எடுத்துக்க மாட்டாங்க. கேஸ் முத்திப்போச்சு," என்றபடி மேடம் படியேறினார்.

மேடத்துக்கு இருபது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்த கண். அச்சகத்தை மூடியபின் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். எடுத்த கேஸை முடிக்காமல் விடமாட்டார் என்பதால் தொழிலில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவருடைய உதவியாளன் ஒயர். கம்ப்யூட்டர் வேலை தெரியும். உடம்பும் அந்தப் பெயருக்குப் பொருத்தம். வாய் மட்டும் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும்.

டாக்டர் தன் மேசையில் ஒரு தாளை விரித்தார். போன மாதம் வந்துபோன நாற்பது பேரின் பெயர்கள். பக்கத்தில் போன் நம்பர். அதற்கும் பக்கத்தில், எதற்காக ஆலோசனைக்கு வந்தார்கள் என்ற காரணம். தூக்கமின்மை, பயம், குடிப்பழக்கம். மூன்று நாளைக்கு முன்னால் ஊர் வம்பு பேசும் ஓர் இணையப் பக்கத்தில் யாரோ இதை அப்படியே போட்டுவிட்டார்கள். சண்டை போட்டு எடுக்க வைத்தாகிவிட்டது. அதற்குள் பார்க்கக்கூடாதவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள்.

"இவர் ஸ்கூல் வேன் ஓட்டறவர்," டாக்டர் ஏழாவது பெயரில் விரலை வைத்தார். "தூக்கம் வரலைன்னு என்கிட்ட வந்தார். வேலையில ஒரு நாள்கூட தப்பு பண்ணதில்ல. நேத்து ஸ்கூல்ல சாவியைப் பிடுங்கிக்கிட்டாங்க. பைத்தியத்துகிட்ட பிள்ளைங்களை ஒப்படைக்க மாட்டாங்களாம்."

ஒயர் தாளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் மேடம்.

"சந்தேகமே இல்லம்மா. ரிசப்ஷன்ல இருக்காளே, அவதான். இந்த விவரமெல்லாம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான், இன்னொண்ணு அவ. நான் போடல. மூணு மணிக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள யாருக்காகச் செஞ்சான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அந்தப் பெண்ணே செய்திருக்கலாமே என்று ஒயரின் மனது நினைத்தது. செய்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அடுத்ததாக வேண்டிக்கொண்டது. முன்பின் பார்க்காத ஒருத்தி திருடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவனுக்கே கூசியது.

* * *

ரிசப்ஷன் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம். மேசையைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். கைப்பை மட்டும் மடியில் இருந்தது. எந்த நிமிடமும் வெளியே போகச் சொல்வார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நான் செய்யல மேடம்."

"செஞ்சீங்களான்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே. வர்றவங்களை எதுல எழுதறீங்க? அதைக் குடுங்க."

நீல அட்டை போட்ட நோட்டு வந்தது. போன மாதம் வந்துபோனவர்கள் எல்லாரையும் உருண்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மேடம் கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். இடது பக்கம் நோட்டு, வலது பக்கம் வெளியே கசிந்த பட்டியல். மூலத்தையும் அச்சுப்படியையும் ஒப்பிடும் பழைய பழக்கம். ஒவ்வொரு பெயராக டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"பிழை இல்லைன்னா அச்சுக்கு அனுப்பிடலாமா மேடம்?" என்றான் ஒயர்.

"ஒரு பேர் விட்டுப்போயிருக்கு. நோட்டுல நாப்பத்தொண்ணு. பட்டியல்ல நாப்பதுதான்." பென்சில் ஒரு வரியில் நின்றது. "'கைராசி' டெய்லர். நாலு செவ்வாயும் வந்திருக்கார். எல்லாரையும் சந்தி சிரிக்க வச்சவன் இவரை மட்டும் ஏன் விட்டான்?"

"தைக்கக் குடுத்த சட்டை இன்னும் கைக்கு வந்திருக்காது. இப்ப எதுக்குப் பகைச்சுக்கணும்னு விட்டிருப்பான்."

மேடம் சிரிக்கவில்லை. ரிசப்ஷன் பெண்தான் பதில் சொன்னாள்.

"பேரு, நம்பர், எதுக்கு வர்றாங்கன்னு எல்லாரும் வெப்சைட்லயே போட்டு புக் பண்ணிடுவாங்க. அவர் பேரு மட்டும் அதுல ஏறவே ஏறாது மேடம். எத்தனை தடவை அடிச்சாலும் புக் ஆகாது. நேர்ல வந்துடுவார். நான் நோட்டுல மட்டும் எழுதிக்குவேன்."

ஒயர் மெல்ல ஓர் அடி பின்னால் போனான்.

"அப்ப ஒண்ணு நிச்சயம்," என்றார் மேடம். "யாரும் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கல. அடிச்சிருந்தா டெய்லரும் கூடவே வந்திருப்பார். பட்டியல் வெப்சைட்லேர்ந்து போயிருக்கு. அதை யார் பார்த்துக்கறாங்க?"

"வெப்சைட் தம்பின்னு ஒருத்தர். விசிட்டிங் கார்டு அடிச்ச பிரஸ்காரர் சொல்லி விட்டவர். நேர்ல பார்த்ததே இல்ல. எல்லாம் மெசேஜ்தான்."

"கூப்பிடுங்க."

அவள் நம்பரை அழுத்தினாள். ஒயரின் கால்சட்டைப் பைக்குள் போன் தொடையோடு சேர்ந்து அதிர்ந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தான். இருந்தாலும் உர் உர் என்று ஓர் உறுமல். இருமினான். அதிர்வு அடங்கும்வரை இருமினான்.

"என்ன திடீர்னு?"

"தூசி மேடம்."

பளிச்சென்று துடைத்த மேசைக்குப் பின்னாலிருந்து ரிசப்ஷன் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுக்கல," என்றாள் மேடத்திடம். "நல்ல பையன்தான். எப்ப கேட்டாலும் உடனே பதில் போடுவார்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒயருக்கு உள்ளே மத்தளமே கொட்டியது.

* * *

டெய்லர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. போர்டில் பெயரைவிட அதைச் சுற்றிய மேற்கோள் குறிகள் பெரிதாக இருந்தன. மேடம் ஒரு நிமிடம் நின்று அதை ரசித்தார்.

"நீங்க எதுக்காக டாக்டர்கிட்ட போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்," என்று ஆரம்பித்தார். "வெப்சைட் ஏன் உங்களை எடுத்துக்க மாட்டேங்குதுன்னு மட்டும் தெரியணும்."

கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் மிஷினை நிறுத்தினார். "அதை ஏன்மா கேக்கறீங்க. நீங்களே பாருங்க."

தன் போனை எடுத்தார். மையத்தின் புக்கிங் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்கும் கட்டத்தில் நிதானமாக அடித்தார். முதலில் ஒற்றை மேற்கோள் குறி. பிறகு கைராசி. மறுபடி ஒரு குறி. பிறகு டெய்லர். பொத்தானை அழுத்தியதும் பக்கம் முழுக்க வெளுத்து, மேலே நாலு வரி இங்கிலீஷில் ஏதோ புலம்பல் வந்தது.

"ஏன் அந்தக் குறி?" என்றான் ஒயர், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"தம்பி, அது நானா வச்சுக்கிட்ட பேரு இல்ல. ஜனங்க குடுத்த பட்டம். பட்டத்தை மேற்கோள் குறிக்குள்ளதானே போடணும்?"

"போடணும்," என்றார் மேடம், மரியாதையோடு.

"ஒரு வருஷம் முன்னாடியே அந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்ட சொன்னேன். அது யாரையோ கேட்டுச்சு. குறியை எடுத்துட்டு எழுதச் சொல்லுன்னு பதில் வந்துச்சாம். அவன் அப்பன் வச்ச பேரா இது? நான் ஏன் எடுக்கணும்?"

அந்தப் பதிலை அடித்தது ஒயருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தான். பக்கத்தில் நின்ற நண்பனிடம் காட்டிச் சிரிக்கக்கூடச் செய்தான்.

மேடம் டெய்லரின் போனை வாங்கி, குறிகள் இல்லாமல் வெறும் டெய்லர் என்று அடித்துப் பார்த்தார். உடனே தேதி கேட்டது. மறுபடி குறி போட்டார். வெளுத்தது.

"குறி இருந்தா விழுது. இல்லைன்னா நிக்குது. ஒயர், இது உன் ஏரியா. ஏன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம் சோற்றில் மறைப்பது? சொன்னான்.

"இந்த புக்கிங் கட்டம் வெப்சைட் கட்டினவன் எழுதினதா இருக்காது மேடம். ப்ளகின்னு சொல்வாங்க. வேற எவனோ செஞ்சு வச்சிருப்பான், நாம எடுத்துச் சொருகிக்கறது. நாம அடிக்கற பேரை அது தன் வாக்கியத்துக்குள்ள ரெண்டு மேற்கோள் குறிக்கு நடுவுல வச்சு, விவரமெல்லாம் சேர்த்து வச்சிருக்கற டேட்டாபேஸ்கிட்ட குடுக்கும். இவர் எடுத்த எடுப்புலயே ஒரு குறி போடறார். அப்ப அது..."

"இரு, புரிஞ்சுடுச்சு." மேடத்தின் கண் விரிந்தது. "கதையில ஒருத்தன் பேசிட்டிருக்கான். தப்பான இடத்துல மேற்கோள் குறி விழுந்தா அவன் பேச்சு அங்கயே முடிஞ்சுடும். அடுத்து வர்றதெல்லாம் கதை எழுதறவர் சொல்றதா ஆயிடும். இதைத் தேடித் தேடித்தான் எனக்குக் கண்ணாடியே வந்துச்சு."

"அதேதான் மேடம்."

"கைராசிங்கறதை டேட்டாபேஸ் உத்தரவுன்னு நினைச்சுப் புரியாம முழிக்குது. சரி. விவரமான ஒருத்தன் அந்த இடத்துல, எல்லார் பேரையும் எடுத்துக் குடுன்னு அதோட பாஷையில எழுதினா?"

"குடுத்துடும். முதலாளியே கேக்கறார்னு நினைச்சுக்கும். அந்த விவரமானவன் இந்த ஊரா இருக்கணும்னுகூட இல்ல. இதே ப்ளகின் எங்கெங்க இருக்குன்னு கம்ப்யூட்டரையே தானாத் தேட விடுவாங்க. எங்க திறந்திருக்கோ அங்க வாரிக்குவாங்க."

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப ஒரு வருஷமா கதவு திறந்திருக்கு, கதவு திறந்திருக்குன்னு நான் கத்தியிருக்கேன். ஒருத்தன் காதுலயும் விழல."

"இதுக்கு மருந்து இல்லையா?" என்றார் மேடம்.

"இருக்கு. உத்தரவைத் தனியா, பேரைத் தனியா அனுப்பணும். அப்ப பேருக்குள்ள பத்துக் குறி இருந்தாலும் அது வெறும் பேருதான். ப்ளகின் செஞ்சவங்க அப்படித் திருத்தி அப்டேட் விட்டிருப்பாங்க. வெப்சைட்டைப் பார்த்துக்கறவன் ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

"ஏன் அமுக்கல?"

"சோம்பேறியா இருப்பான் மேடம்."

"அப்ப கதவு இந்த நிமிஷமும் திறந்துதான் கிடக்கு."

"ஆமா," என்றான் ஒயர். அது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

* * *

திரும்பும் வழியில் மேடம் முன்னால் வேகமாக நடந்தார். ஒயர் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் ஒரு கடை வாசலில் குனிந்தான்.

சோம்பேறித்தனம் என்று சொன்னதும் முழு உண்மை இல்லை. ஒரு தடவை அப்டேட் போட்டான். போட்டதும் காலண்டரில் செவ்வாய், புதன் எல்லாம் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகிவிட்டது. சரிசெய்ய அரை நாள் பிடித்தது. இனி இந்தத் தலைவலியே வேண்டாம் என்று, அப்டேட் தானாக ஏறுவதை அன்றோடு நிறுத்தி வைத்தான். அதற்குப் பிறகு எச்சரிக்கை மெயில் மூன்று தடவை வந்தது. பாதுகாப்புக் கோளாறு, உடனே மாற்றவும். மூன்றையும் படித்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பத்து மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று.

போனிலேயே வெப்சைட்டுக்குள் நுழைந்தான். அந்த ப்ளகினை அணைத்தான். புக்கிங் பக்கம் மறைந்தது. இனி யாரும் உள்ளே கை விட முடியாது. நல்ல காரியம்தான் செய்தோம், யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. ஓடிப்போய் மேடத்தோடு சேர்ந்துகொண்டான்.

மையத்துக்குள் நுழைந்தபோது டாக்டர் ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" டாக்டர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "பத்து நிமிஷம் முன்னாடி புக்கிங் பக்கமே மாயமாயிடுச்சு. யாரோ உள்ள போய் எடுத்திருக்காங்க. பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு? இவகிட்ட. நீங்க டெய்லரைத் தேடிப் போனதும் பயந்துபோய்த் தடயத்தை அழிச்சுட்டா."

"நான் தொடவே இல்ல டாக்டர். பிள்ளைங்க மேல சத்தியமா."

"பிள்ளைங்களை இழுக்காதே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை ஒயர் அதுவரை ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தான்.

மேடம் டெய்லர் கடையில் கண்டதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். ஓட்டை இருக்கலாம், ஆனால் அதன் வழியாகத்தான் போனது என்பதற்கு என்ன சாட்சி? பாஸ்வேர்டு வைத்திருப்பவள் எதற்கு ஓட்டையைத் தேட வேண்டும்? அந்த வெப்சைட் தம்பி வந்து சொன்னால் நம்பலாம். அவன்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறானே.

"அவன் எழுதின மெசேஜைக் காட்டுங்க," என்றார் மேடம்.

ரிசப்ஷன் பெண் போனை நீட்டினாள். மேடம் சத்தமாகப் படித்தார்.

"'அக்கா குறி இல்லாம எழுத சொல்லுங்க அவ்ளோதான் கவலைபடாதீங்க.'"

படித்துவிட்டுச் சற்று நேரம் அந்த வரியையே பார்த்தார்.

"எழுதச் சொல்லுங்க. அங்க ஒரு ச் வேணும். கவலைப்படாதீங்க. அங்க ஒரு ப் வேணும். ரெண்டும் இல்ல."

மூன்று வருடமாக ஒயர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு அறிக்கையிலும் அதே ச்சையும் அதே ப்பையும் சிவப்புப் பென்சிலால் போட்டுக் கொடுத்தவர் அவர். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டாக்டர் ஸ்டேஷன் நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.

"டாக்டர், கொஞ்சம் போனை வைங்க," என்றான் ஒயர். பிறகு அந்தப் பெண்ணிடம், "அக்கா, வெப்சைட் தம்பியை இன்னொரு தடவை கூப்பிடுங்க."

அவள் ஒன்றும் புரியாமல் அழுத்தினாள். ஒயர் பையிலிருந்து தன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தான். அது அதிர்ந்து அதிர்ந்து நோட்டுப் பக்கமாக நகர்ந்து போயிற்று. யாரும் அதைத் தொடவில்லை.

"நான்தான். காலையில போர்டைப் பார்த்ததுமே தெரியும், சொல்லல. பக்கத்தை எடுத்ததும் நான்தான். மூணு எச்சரிக்கை மெயில் வந்துச்சு, தேதியோட இதுல இருக்கு. எப்ப எந்த வழியா எடுத்தாங்கங்கற பதிவும் வெப்சைட்லயே இருக்கும், காட்டறேன். இவங்க ஒண்ணும் செய்யல. இவங்க எனக்குச் சொன்னாங்க. நான் சிரிச்சேன்."

டாக்டர் மெயில்களைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றினார். "வெப்சைட்னா ஒரு தடவை கட்டி வச்சா போதும்னு நானும் இருந்துட்டேன்," என்று முனகினார். ரிசப்ஷன் பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்புறம் பேசிக்கலாம் டாக்டர்," என்றாள் அவள். அவளுடைய பார்வை ஒயர் மேல் இருந்தது. "மூணு நாளா என் வீட்டுக்காரரே என்னை ஒரு மாதிரி பார்த்தார் தம்பி. நிஜமாவே நீ செய்யலையான்னு கேட்டார்."

"மன்னிச்சுடுங்க அக்கா."

"என்கிட்ட சொன்னது இருக்கட்டும்." பட்டியலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மேசை போனையும் அவன் பக்கம் தள்ளினாள். "இவங்க பேரு எப்படி வெளிய போச்சுன்னு இவங்களுக்குத் தெரியணும். நாப்பது பேருக்கும் நீங்களே சொல்லுங்க."

ஒயர் மேடத்தைப் பார்த்தான். "உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்கு யோசிக்கறேன்," என்றார் மேடம். "பண்ணு."

ஏழாவது பெயரிலிருந்து ஆரம்பித்தான். மணி நெடுநேரம் அடித்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்த நேரத்தில் ஒரு பெண் எடுத்தாள். குரலை அடக்கித்தான் பேசினாள்.

"அவர் தூங்கறாருங்க. மூணு நாளைக்கு அப்புறம் இப்பத்தான் கண் அசந்தார். எதுவா இருந்தாலும் சாயந்திரம் பேசுங்களேன்."

சரி என்று வைத்துவிடலாம். அதற்கு நியாயமும் இருந்தது. ஒரு கேலிப் பேச்சுக்கூட அவன் வாய்க்கு வரவில்லை.

"நீங்க யாரு பேசறது?" என்றாள் அவள்.

"ஆலோசனை மையத்தோட வெப்சைட்டைப் பார்த்துக்கிட்டவன். உங்க வீட்டுக்காரர் பேரு வெளிய போனதுக்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இருங்க," என்றாள். "இதுக்கு எழுப்பலாம்."